ஆண்டுக்குக் கீழே

ஞாயிற்றுக்கிழமை ஃபோர்ட்டில்,
நாணயச்சாலை மதிலுக்கு இரண்டு தெரு தள்ளி,
முர்த்தஸா பாய் தார்ப்பாய் விரிக்கிறார்.
ராணி முகங்கள் ஒரு பக்கம்,
போலிகள் இன்னொரு பக்கம்.
எது எந்தப் பக்கம் என்று சொல்ல மாட்டார்.
நான் பையிலிருந்து காந்தத்தை எடுத்தால்
டீ வாங்கித் தருவார்.

முகங்களுக்காக நான் வருவதில்லை.
எழுபதுகளின் சில்லறைக்காக வருகிறேன்.
அந்தப் பத்து வருடம் சர்க்கார்
சில்லறையில்தான் பேசியது:
அதிகம் விளைவி. சேமி.
எல்லோருக்கும் சோறு, எல்லோருக்கும் கூரை.
குழந்தை சிரித்தால் தேசத்துக்குப் பெருமை.
பால் பூத்துக்காரன் வாங்கிக் கல்லாவில் எறிந்தான்.
யாரும் படிக்கவில்லை.

வாரநாட்களில் சயான் கூட்டுறவு வங்கி,
இரண்டாவது கவுண்ட்டர்.
சில்லறை மூட்டை வந்தால்
கண்ணுக்கு முன்னால் விரல் பார்த்துவிடும்.
என் பர்ஸிலிருந்து ஒன்றைப் போட்டு
ஒன்றை எடுத்துக்கொள்வேன்.
இருபத்தாறு வருடம்,
கணக்கில் ஒரு பைசா உதைத்ததில்லை.
வைஷ்ணோதேவி ஐந்து ரூபாய்க்கு
லட்சம் தருவார்களாமே மேடம்,
என்று யாராவது கேட்காத வாரம் கிடையாது.
ஐந்து தருகிறேன் என்பேன்.

போன வாரம் கிடைத்துவிட்டது.
பத்துப் பைசா, எழுபத்து நான்கு.
அச்சு பிஸ்கட் மாதிரி நெளிநெளியாய் விளிம்பு.
அலுமினியம்;
உள்ளங்கையில் வைத்தால் இருப்பது தெரியாது,
கீழே விழுந்தாலும் சொல்லிக்கொள்ளாது.
நடுவில் ஒரு குடும்பம்.
திட்டமிட்ட குடும்பம், எல்லோருக்கும் உணவு.
இருபது ரூபாய் என்றார்.
முதல் தடவையாக நான் பேரம் பேசவில்லை.

அந்த ஆண்டு, சயான் ஆஸ்பத்திரியில்,
ஐந்தாவது பெண்ணாக நான்.
அடுத்த மாதம் அப்பா
தாராவித் தோல் ஷெட்டில் லீவு சொல்லிவிட்டு
முகாமுக்குப் போனார்.
ஒரு பச்சை வாளியோடு திரும்பினார்.
பத்தாம் வகுப்பு வரை அதில்தான் குளித்தோம்,
வரிசையாக,
கடைசியில் நான்.
எனக்குப் பெயர் போதும்பொண்ணு.

நகராட்சித் தமிழ்ப் பள்ளியில் பெயர் பதிந்தவர்
மூன்று சுழிக்கு ரெண்டு சுழி போட்டுவிட்டார்:
போதும்பொன்னு.
வங்கியில் முன்பாதியும் உதிர்ந்தது.
கழுத்து அட்டையில் பி. பொன்னு.
நாணயம் சேர்க்கிறவர்களிடம் ஒரு சட்டம் உண்டு,
அச்சு பிசகினால் விலை ஏறும்.
இதை அக்காக்களிடம் சொன்னதில்லை.
நால்வருக்கும் பிழையில்லாத பெயர்கள்.

ராத்திரி, பத்து மடங்கு லென்ஸ்.
ஆண்டுக்குக் கீழேதான் ஊர் இருக்கும்.
நட்சத்திரம் என்றால் ஹைதராபாத்.
வெறும் வெளி என்றால் கல்கத்தா.
வைரம் என்றால் இங்கே,
ஆஸ்பத்திரியிலிருந்து
ஸ்லோ வண்டியில் ஒன்பது ஸ்டேஷன்.

நான்கின் காலடியில் ஏதோ இருக்கிறது.
சாய்த்தால் மூலைகள் தெரிகின்றன.
நிமிர்த்தினால் இல்லை.
வைரமா,
ஐம்பது வருடம் கை மாறிய அழுக்கா?
ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் போதும்,
தெரிந்துவிடும்.
ஆனால் கழுவக் கூடாது.
கழுவினால் மேல்தோல் போகும், விலையும் போகும்.
முர்த்தஸா பாய்
பல்குத்தும் குச்சியைக்கூடக் கிட்டே விட மாட்டார்.

அடுக்களையில்
காலைக்கென்று பிடித்துவைத்த தண்ணீர்
மூடியில்லாமல் இருக்கிறது.
எழுந்து போய் மூடிவிட்டு வருகிறேன்.

அட்டைக் கூட்டில் வைத்து நாலு பக்கமும் ஸ்டேபிள்.
பென்சிலால் எழுதுகிறேன்:
பத்துப் பைசா. அலுமினியம். தேய்மானம் நடுத்தரம்.
அச்சிட்ட ஊர் என்ற இடத்தில்
ஒரு கேள்விக்குறி போட்டு
அதை ரப்பரால் தேய்த்துவிட்டு
பம்பாய் என்று எழுதினேன்,
அழுத்தாமல்,
அழிக்கத் தோதாக.